தோலில் மறையும் களிம்பு எங்கே போகிறது

"ஒண்ணும் ஆகாதும்மா" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும். ஏனென்றால் அந்த வார்த்தையை நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். உத்திரமேரூர் சந்தையில் கத்திரிக்காய் விற்கும்போது வாங்க வருகிறவர்கள், "மருந்து அடிச்ச காயா?" என்று கேட்பார்கள். "லேசா அடிச்சதுதான், கழுவிட்டு ஆக்குங்க, ஒண்ணும் ஆகாது" என்பேன். ஆனால் எங்கள் தோட்டத்தில் கிணற்றோரம் இருக்கிற ஒரு சால் செடி வரிசைக்கு மட்டும் மருந்தே அடிக்க மாட்டோம். அது எங்கள் வீட்டுக் குழம்புக்கு. எங்கள் பக்கத்தில் கத்திரி வைக்கிற முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் ஒரு சால் விட்டுவைப்பார்கள். அதை வெளியே பேசுவதில்லை. ஆகையால் யார் எதைச் சிரித்த முகத்தோடு விற்றாலும், இவர் தன் வீட்டுக்கென்று தனியாக ஒரு சால் வைத்திருப்பாரோ என்றுதான் என் புத்தி போகும்.

இந்தப் புத்தியால் என் தங்கைக்கு நான் செய்த ஒரு காரியத்தைத்தான் எழுதப் போகிறேன்.

அவள் எனக்கு நான்கு வயது இளையவள். இரண்டு பேருக்கும் புருஷன் இல்லை. மானாம்பதிப் பக்கம் அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் பாடுபட்டுக்கொண்டு, நூறு நாள் வேலைக்கும் போய்க்கொண்டு, ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் ஐந்தாவது வரை படித்தேன். அவள் பள்ளிக்கூடமே போகவில்லை. அதனால் வீட்டில் படிக்கிற வேலை என்னுடையது, பேசுகிற வேலை அவளுடையது. ரேஷன் கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும் நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கொள்வேன். அந்நிய மனிதர்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு கோடைக்கு முன்னால் அவளுடைய இரண்டு கன்னமும் மூக்கு மேடும் யாரோ அறைந்த மாதிரி சிவந்து தடித்தன. விரல் கணுக்கள் வீங்கின. அக்கி என்று நினைத்துக் காவி எழுதினோம். இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேருந்து ஏறிப் போனோம். அங்கே தோல் டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்துவிட்டு, இது உடம்பே உடம்பை எதிர்த்துச் சண்டை போடுகிற வியாதி, சிறுநீரகம் வரைக்கும் போகக்கூடியது, வெயில் பட்டால் அதிகமாகும் என்று சொன்னார். மாத்திரையும், வெயிலைத் தடுக்க ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார். வெளியே கிளம்புவதற்குக் கால் மணி முன்னால் பூச வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் பூச வேண்டும் என்றார்.

அந்தக் களிம்பு வெள்ளை. எவ்வளவு தேய்த்தாலும் வெள்ளை போகாது. அதைப் பூசிக்கொண்டு முதல் நாள் ஏரி வேலைக்குப் போனபோது கரையில் இருந்தவர்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"இன்னாடி இது, கூத்துக்கு வேஷம் கட்டிகினு மண்ணு வெட்ட வந்துட்ட?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"ஆமாண்டி, நான் ராசா வேஷம். நீ கட்டியக்காரி. பேசாம மண்ணத் தூக்கு" என்றாள் என் தங்கை.

அவள் அப்படிப் பேசிவிட்டாளே தவிர, மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

எனக்குச் சிரிப்பைப் பற்றிக் கவலை இல்லை. எனக்கு வேறு சந்தேகம். அன்று சாயங்காலம் அந்தக் களிம்புக் குழாயைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்க எனக்கு வரும். பொடி எழுத்தில் ஜிங்க் என்று போட்டிருந்தது. அந்த எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்து. நெல் இலை பழுப்பு ஏறினால் வயலுக்குப் போடுகிற உர மூட்டையின் மேல் அதேதான் எழுதியிருக்கும். மணலில் கலந்து கையால் வீசுவோம். கையில் வெடிப்பு இருந்தால் அன்று ராத்திரி சோறு பிசைய முடியாத அளவுக்கு எரியும்.

"ஏய், இது வயலுக்குப் போடற ஜிங்க்குடி" என்றேன்.

"இன்னாக்கா சொல்ற? ஒரத்தையா மூஞ்சில பூச சொல்லிக்கீறாங்க?"

"எய்த்து கீது பாரு."

"எனக்கு எய்த்த காட்டினா இன்னா தெரியும்? அப்போ மூஞ்சில நெல்லு மொளைக்குமா? மொளைச்சா அறுத்துக் குடுத்துடுக்கா, ரெண்டு மரக்கா தேறும்."

சிரித்தாள். ஆனால் மறுநாள் அதைப் பூசவில்லை. அவளுக்கும் நிறுத்த ஒரு சாக்கு வேண்டியிருந்தது. குழாயை நானே பரண்மேல் தூக்கிப் போட்டேன்.

அவளுடைய மகள் தாம்பரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அம்மா போனில் புலம்பியதைக் கேட்டு வேறொரு களிம்பைத் தபாலில் வரவழைத்தாள். அது அழுத்தினால் சொட்டுகிற பாட்டில். உள்ளே இருந்தது களிம்பே இல்லை, கஞ்சித் தெளிவு மாதிரி. கிர்ணிப்பழ வாசனை. தடவின உடனே தோலுக்குள் போய்விட்டது. வெள்ளையும் இல்லை, பிசுக்கும் இல்லை. என் தங்கைக்குப் பரம சந்தோஷம். ஏரிக்கரையில் யாரும் சிரிக்கவில்லை. முகச் சிவப்பும் தணிந்தது. நான்கூட நல்லது என்றுதான் இருந்தேன். நல்ல பொருள் என்றால் உடம்பில் சேரும், ஆகாத பொருள் மேலேயே நிற்கும் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

அந்தக் கணக்கைக் கெடுத்தவர் பூச்சி மருந்துக் கடைக்காரர். கத்திரியில் காய்ப்புழு அதிகமாகி, தங்கைக்கு விரல் வலி என்பதால் நான் தனியாகக் கடைக்குப் போனேன். எப்போதும் வாங்குகிற மருந்தை விரலால் காட்டினேன்.

"அது வாணாம்மா" என்றார் அவர். "அது எலை மேலயே நிக்கும். ஒரு மழை பெஞ்சா ஓடிடும். இத்த எடுத்துகினு போ. இத்த செடியே குடிச்சிக்கும். தண்டு, காம்பு, காயி, எல்லாத்துக்குள்ளயும் ஓடும். எந்த மழையும் கழுவ முடியாது."

"காயி பறிக்கலாமா?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"பத்து நாள் வுட்டுட்டு பறி. அப்புறம் ஒண்ணும் ஆகாது."

அந்தச் சின்னப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு திருப்புலிவனம் வழியாகப் போகிற பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். யாரோ கையைச் சுட்ட மாதிரி எனக்கு அந்த யோசனை வந்தது. இலை மேல் நிற்பது ஒன்று, செடி குடிப்பது ஒன்று. என் தங்கை பூசுகிறது எந்த வகை?

வீட்டுக்குப் போனதும் அவளுடைய முழங்கையில் அந்தத் தபால் களிம்பை இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். வெற்றிலை போடுகிற நேரத்துக்குள் காணாமல் போய்விட்டது. ஈரத்துணியால் துடைத்தேன். துணியில் ஒன்றும் வரவில்லை. அப்படியானால் அது எங்கே போனது? செடிக்காவது பத்து நாள் கெடு உண்டு. இவள் தினமும் மூன்று வேளை பூசிக்கொள்கிறாள். சிறுநீரகத்துக்குப் போகக்கூடிய வியாதி என்று வேறு டாக்டர் சொல்லியிருக்கிறார்.

தாம்பரத்துப் பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"பெரிம்மா, இங்க ஆபீஸ்ல எல்லாரும் இதான் பூசறாங்க. ஒண்ணும் ஆகாது, நீ சும்மா இரு" என்றாள்.

அந்த வார்த்தைதான். அதோடு விடாமல் போனில் ஒரு வீடியோவும் அனுப்பினாள். அதில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், இதைப் பூசாவிட்டால் புற்றுநோய் வரும் என்றார். அதைப் பார்த்து முடிப்பதற்குள் தானாக இன்னொன்று வந்தது. அதிலும் வெள்ளைக் கோட்டுதான். அவர் இதைப் பூசினால்தான் புற்றுநோய் வரும் என்றார். இரண்டு பேரும் கடைசியில் ஒரு டப்பாவைக் காட்டினார்கள். நான் இரண்டு பேரையும் நம்பவில்லை. வெள்ளைக் கோட்டு எந்தக் கடையில் வேண்டுமானாலும் கிடைக்கும்.

தங்கையிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சிரிப்பாள், ஜிங்க் விஷயத்தில் சிரித்த மாதிரி. அதைவிடப் பெரிய பயம், சொன்னாலும் விடமாட்டாள் என்பது. வெள்ளை முகத்தோடு நின்ற அவமானத்தை அவள் மறக்கவில்லை. அதனால் சொல்லாமல் செய்தேன்.

வேலியோரம் கற்றாழை நிறைய இருக்கிறது. மடல் சீவி, சோற்றை ஏழு தண்ணீர் அலசி, மிக்ஸியில் அடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். பார்த்தால் அவளுடைய களிம்புப் பாட்டிலில் இருந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாட்டிலின் தலையைத் திருகி, உள்ளே இருந்ததைக் கொட்டினேன். செடி எதற்கும் ஊற்ற மனம் வரவில்லை. குப்பைமேட்டில்தான் கொட்டினேன். பாட்டிலைக் கழுவாமல் விட்டேன், வாசனை கொஞ்சம் தங்கட்டும் என்று. அவள் தோட்டத்துக்குப் போகிற நேரம் பார்த்து மூன்று நாளைக்கு ஒருமுறை புதிதாக அரைத்து ஊற்றினேன்.

"இப்போ முன்னக்காட்டியும் சில்லுனு ஷோக்கா கீதுக்கா" என்றாள் அவள்.

எனக்கு உள்ளுக்குள் பெருமை. படித்தவள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி வெயில். ஏரியில் நிழல் கிடையாது. பதினைந்து நாள் ஆகியிருக்கும், அவள் கன்னத்தில் சிவப்பு திரும்பியது. பிறகு கழுத்து, ரவிக்கை மறைக்காத முதுகு, இரண்டு முன்னங்கை. காய்ச்சல் வந்தது. தண்ணீர்ச் செம்பைப் பிடிக்கக்கூட விரல் மடங்கவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இத்தனை நாள் உள்ளே போன ரசாயனம் இப்போது வெளியே வருகிறது, வரட்டும், வந்து தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். சந்தேகப்படுகிறவளுக்குத் தன் மேல் மட்டும் சந்தேகம் வருவதில்லை.

நான்காம் நாள் காய்ச்சலோடு அவளைப் பேருந்தில் ஏற்றி அதே டாக்டரிடம் கூட்டிப் போனேன். வழக்கம்போல அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றேன். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர்.

டாக்டர் கையைப் புரட்டிப் பார்த்தார். "க்ரீம் ஒழுங்கா பூசறீங்களா?"

"ஒரு நாளு வுட்டதில்ல டாக்டரம்மா. மூணு வேளையும். எங்க அக்காவே எடுத்துக் குடுக்கும்."

"அதே வெள்ளை க்ரீமா?"

"அது இல்லமா. எம்பொண்ணு அனுப்பினது. ஷோக்கா மறைஞ்சிடும்."

பாட்டிலை வெளியே எடுத்துக் காட்டினாள். டாக்டர் மேலே இருந்த எழுத்தைப் படித்தார். "இதுவும் வெயிலைத் தடுக்கிறதுதான். இவ்வளவு ஒழுங்கா பூசியும் இப்படி வருதுன்னா, நோய் உள்ளயே வேகமா போகுது. மாத்திரையை ஏத்தணும். இப்ப சாப்பிடறதுல மூணு மடங்கு. முகம் ஊதும். உங்களுக்குச் சர்க்கரை ஏற்கனவே விளிம்புல இருக்கு, அதுவும் ஏறும். ஊசி போட வேண்டி வரலாம். வேற வழி இல்லம்மா."

சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்துவிட்டார். என் தங்கை, "நீங்க எது செஞ்சாலும் செரிம்மா" என்றாள். வாயாடுகிறவள், அன்று அவ்வளவுதான் பேசினாள்.

நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேனா நம்புவது என் தங்கை சொன்னதை. என் தங்கை நம்புவது நான் எடுத்துக் கொடுத்த பாட்டிலை. ஒரு வரி முடிந்தது. இரண்டாவது வரிக்குப் போனது. என் கால் தானாக முன்னால் போனதா, யாராவது தள்ளினார்களா தெரியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அது க்ரீம் இல்ல" என்றேன்.

மின்விசிறிச் சத்தத்தில் டாக்டருக்குக் கேட்கவில்லை. தங்கைக்குக் கேட்டுவிட்டது. "இன்னாக்கா?" என்று திரும்பினாள்.

"பாட்டில்ல கீறது கத்தாய. நான்தான் மாத்தி ஊத்தினேன்."

பேனா நின்றது. டாக்டர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "எத்தனை நாளா?" என்றார்.

இருபது நாள் என்பதை இரண்டு கையையும் இரண்டு தடவை விரித்து விரலால் காட்டினேன். ஏன் என்று கேட்டார். அதற்கப்புறம் எனக்கு என்ன ஆனதோ, வாழ்நாளில் பேசாததை எல்லாம் பேசினேன். உர மூட்டை, இலை மேல் நிற்கிற மருந்து, செடி குடிக்கிற மருந்து, ஈரத்துணியில் ஒன்றும் வராதது, இரண்டு வெள்ளைக் கோட்டு, எல்லாம். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"நீங்க வாயைத் திறக்கலைன்னா மூணு மடங்கு மாத்திரை போயிருக்கும், யாரோட உடம்புக்குள்ள? க்ரீம் உள்ள போகுதோன்னு பயந்தீங்களே, அந்த மாத்திரை எங்க போகும்?" என்று கோபமாகக் கேட்டார். எழுதின தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

நான் போய்விடலாம் என்று பார்த்தேன். "நில்லுங்க, கேட்டதுக்குப் பதில் வாங்கிட்டுப் போங்க" என்றார்.

ஒன்றும் ஆகாது என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. மறைகிற வகையில் இருக்கிற சில ரசாயனங்கள் தோல் வழியாக ரத்தத்துக்குப் போவது உண்மைதான் என்றார். போனதால் மனிதர்களுக்குக் கெடுதல் என்று இதுவரை உறுதியாகவில்லை, கெடுதலே இல்லை என்றும் எல்லா ரசாயனத்துக்கும் முடித்துச் சொல்லிவிடவில்லை, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். வெள்ளையாக நிற்கிறது பெரும்பாலும் தோலுக்கு மேலேயே தங்கிவிடும். வயலுக்குப் போடுவது தண்ணீரில் கரைகிற உப்பு, அதனால் வெடிப்பில் எரியும், இது கரையாத தூள், உலோகம் ஒன்று, பொருள் வேறு என்றார்.

"அது ரெண்டும் இல்லாம வெயில்ல நிக்கறதுதான் உங்க தங்கச்சிக்கு நிச்சயமான கெடுதல். அதுல யாருக்கும் சந்தேகம் இல்லை" என்று முடித்தார்.

எனக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. இவ்வளவு அவமானப்பட்டாயிற்று, கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"நீங்க வூட்ல எத்த பூசறீங்க?"

டாக்டருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. "மறையறதைத்தான். திட்டுத்திட்டா வெள்ளையோட ஆஸ்பத்திரிக்கு வர எனக்கும் கூச்சம். ஆனா வயித்துல பிள்ளை இருந்தப்போ வெள்ளையைத்தான் பூசினேன்."

அந்தப் பதிலை இன்றுவரை நான் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். அது ஒரு பக்கம் தைரியம் கொடுக்கிறது, இன்னொரு பக்கம் பறிக்கிறது. ஆனாலும் மற்றவர்களை நம்பியதைவிட அவரைக் கொஞ்சம் கூடுதலாக நம்புகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மாத்திரை பழைய அளவிலேயே இருக்கட்டும், முழுக்கை ரவிக்கை போடுங்கள், காய்ச்சல் தணிகிற வரைக்கும் ஏரி வேலை வேண்டாம், வெள்ளைக் களிம்பை விடாமல் பூசிக்கொண்டு மூன்று வாரத்தில் வாருங்கள் என்று அனுப்பினார். திரும்பும்போது பேருந்தில் என் பக்கத்தில் இடம் இருந்தும் தங்கை முன்னால் போய் உட்கார்ந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நான் இன்னா செடியா? என்னக் கேக்காம நீ பாட்டுக்கு ஊத்தற, எறைக்கற?"

"கேட்டா நீ சிரிப்பியேன்னு..."

"சிரிச்சா இன்னா? ஏரிக்கரையே என்னப் பாத்து சிரிச்சிது, நான் செத்தா பூட்டேன்? எஞ்சிரிப்புக்கு பயந்துகினு என்ன வெய்யல்ல வறுத்துட்டியேக்கா."

 

காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. சிவப்பு இறங்க இரண்டு மாதம் ஆனது. கன்னத்தில் கருப்புத் தழும்பு நின்றுவிட்டது. அது போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதிதாக வாங்கின வெள்ளைக் களிம்பை அவள் தன் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள். குளிக்கப் போகும்போதுகூட அந்தப் பையைக் கூடவே எடுத்துப் போகிறாள். நான் ஆக்கிய சோற்றைச் சாப்பிடுகிறாள், நான் எடுத்துக் கொடுத்தால் மாத்திரைகூடப் போட்டுக்கொள்கிறாள், களிம்பை மட்டும் என் கையில் விடுவதில்லை.

நேற்றுக் காலையில் ஏரிக்குக் கிளம்பும்போது வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன், காதுக்குப் பின்னால் அவளுக்குக் களிம்பு படாமல் விட்டுப்போயிருந்தது. அந்த இடத்தைத் தடவிவிடலாம் என்று கையை நீட்டினேன். சட்டென்று தலையை ஒதுக்கினாள்.

"எங்கன்னு சொல்லு. நான் பூசிக்கிறேன்."

தொடாமல் விரலால் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் கீய. ஆங், அங்க."

அவள் பூசிக்கொண்டாள். வெள்ளை நின்றது. இரண்டு பேரும் ஏரிக்கு நடந்தோம்.